பிரக்கிராசி என்றால் சின்ன வக்கீலா?

பனங்கூடல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரே ஒரு சொல்லுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அம்மம்மா மாசி மாதம் காலமானார். அந்தியேட்டி முடிந்த பிறகு அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தோம். கூறைச் சேலை, பூச்சி உருண்டை, பழைய படங்கள். அடியில், ஓரத்தில் நூலால் தைத்த ஒரு சீதன உறுதியின் (சீதனப் பத்திரத்தின்) நகல். அதை எழுதியவர் அம்மம்மாவின் தகப்பனார். கடைசிப் பக்கத்தில் அவருடைய கையெழுத்து, அதன் கீழே "பிரக்கிராசியும் நொத்தாரிசும்" என்று இரண்டு சொற்கள். நொத்தாரிசு என்றால் உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர். மை பழுப்பேறிவிட்டது.

படமெடுத்து உறவினர்களுக்கு அனுப்பினேன். வெளிநாட்டில் இருக்கும் ஒரு மாமா உடனே பதில் எழுதினார்: "பிரக்கிராசி என்றால் சின்ன வக்கீல். அப்புக்காத்து (பெரிய வக்கீல்) ஆக முடியாதவர்கள்தான் பிரக்கிராசி ஆவார்கள்."

"எங்கள் அப்பு பிரக்கிராசி" என்று வாழ்நாள் முழுவதும் தலை நிமிர்ந்து சொன்னவர் அம்மம்மா. மாமாவின் வரி என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? இதில் உண்மையிலேயே சிறுமை இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கும்பகோணத்தார் எழுதியது:

உங்கள் அம்மம்மாவுக்கு என் அஞ்சலி.

தமிழ்நாட்டில் இந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. எங்களுக்கு வக்கீல், பிளீடர், அட்வகேட், பாரிஸ்டர். பிளீடரில்கூட முதல் கிரேடு, இரண்டாம் கிரேடு என்று இருந்தது. முன்சீப் கோர்ட்டோடு நின்றுவிடும் பிளீடரை ஊரில் ஒருபடி குறைவாகத்தான் பார்த்தார்கள். இலங்கையில் பிராக்டர் என்று ஒரு வகை வழக்கறிஞர் இருந்ததாகப் படித்திருக்கிறேன். அந்த ஆங்கிலச் சொல்தான் மக்கள் வாயில் தேய்ந்து பிரக்கிராசி ஆகியிருக்க வேண்டும்.

---

வடலி எழுதியது:

கும்பகோணத்து அண்ணா, பொருள் சரி, வழி சரியில்லை. பிராக்டரைக் குறித்த சொல்தான் அது. ஆனால் பிராக்டர் என்ற ஒலியிலிருந்து பிறந்ததல்ல. ஆங்கிலச் சொல்லை எங்கள் ஆட்கள் எடுத்திருந்தால் "புறொக்டர்" என்று எடுத்திருப்பார்கள். "டொக்டர்" அப்படித்தானே வந்தது? அந்த "டர்" எப்படி "ராசி" ஆகும்?

இது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். அவர்கள் யாழ்ப்பாண அரசை 1619இல் பிடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். நாற்பது ஆண்டுகூட நிறையவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்குள் வந்து பாருங்கள்: அலுமாரி, யன்னல், மேசை, வாங்கு, குசினி, விறாந்தை, காலில் சப்பாத்து. எல்லாம் அவர்கள் மொழி. காணிப் பதிவேட்டுக்குத் தோம்பு என்கிறோமே, அதுவும்தான். வீட்டுக்கும் காணிக்கும் சொல் கொடுத்தவர்கள் வழக்குக்குக் கொடுக்காமல் போவார்களா? அவர்களுடைய "புரொக்குரதோர்" என்றால் இன்னொருவருக்காகக் காரியம் பார்ப்பவர். அதுதான் பிரக்கிராசி.

---

சொல்லேருழவன் எழுதியது:

வடலி சொன்னதில் பாதியை ஏற்கிறேன். மொழி போர்த்துக்கேயம்தான். ஆனால் "புரொக்குரதோர்" என்ற சொல்லின் நடுவில் இருக்கும் "த" எங்கே போனது? தகரத்தைத் தமிழ் வாய் எளிதாகச் சொல்லும். அதைச் சகரமாக்க வேண்டிய தேவை என்ன?

பக்கத்தில் சிங்களத்தைப் பாருங்கள். அங்கே இதே தொழிலுக்குப் "பெரகதோருவா" என்ற சொல் இருக்கிறது. தகரம் அப்படியே நிற்கிறது, ஈற்றில் "தோர்" தெளிவாகக் கேட்கிறது. ஆக, சிங்களவர் ஆளைக் குறிக்கும் புரொக்குரதோரை எடுத்துக்கொண்டார்கள். தமிழர் எடுத்தது வேறு சொல்.

போர்த்துக்கேயத்தில் "புரொக்குரசாவுங்" என்று இன்னொரு சொல் உண்டு. ஒருவர் தன் காரியத்தைப் பார்க்கும் அதிகாரத்தை மற்றவருக்கு எழுதிக் கொடுப்பது, அந்தப் பத்திரம். இன்றைய பேச்சில் அற்றோணித் தத்துவம், தமிழ்நாட்டில் பவர் பத்திரம். அந்தச் "ரசா"வைத் தமிழ்ச் சொல்லின் "ராசி"யோடு வைத்துப் பாருங்கள். ஆளின் பெயரல்ல, ஆளின் கையிலிருந்த காகிதத்தின் பெயர்தான் தமிழுக்கு வந்தது என்பது என் கருத்து.

---

வடலி எழுதியது:

சொல்லேருழவன் ஐயா, ஒரு தடை இருக்கிறது. போர்த்துக்கேய "லெயிலாவுங்" நமக்கு "ஏலம்" ஆனது. அந்த மூக்கொலி தமிழில் மகரமாக வந்தது. அதே கணக்கில் "புரொக்குரசாவுங்" என்பது "பிரக்கிராசம்" என்றுதானே ஆகவேண்டும்? இகரம் எங்கிருந்து ஒட்டியது?

---

சொல்லேருழவன் எழுதியது:

நல்ல கேள்வி. நேற்று இரவு முழுவதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

சந்நியாசம் என்பது நிலை, சந்நியாசி ஆள். உபதேசம் என்பது செயல், உபதேசி ஆள். கத்தோலிக்க ஊர்களில் உபதேசியார் இல்லாத கோவில் உண்டா? "சம்" என்று முடியும் சொல்லைச் "சி" என்று மாற்றினால் அதை உடையவர், அதைச் செய்பவர் கிடைப்பார். இது நம் காதில் ஊறிய அச்சு. பிரக்கிராசம் என்ற வடிவில் காகிதம் வந்திருந்தால், அதை வைத்திருக்கும் ஆளைப் பிரக்கிராசி என்று சொல்ல யாரும் இலக்கணம் படிக்க வேண்டியதில்லை, நாக்கே செய்துவிடும். இது என் ஊகம். ஆனால் ஒலிக்கும் பொருளுக்கும் ஒருசேரப் பொருந்தும் விளக்கம் வேறொன்று எனக்குப் படவில்லை.

---

கும்பகோணத்தார் எழுதியது:

ஐயா, உபதேசியில் என்னை வென்றுவிட்டீர்கள். பிராக்டர் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

---

நிலவரசி (சட்ட மாணவி) எழுதியது:

வாதத்தைத் திரும்பப் பெற்றாலும் உறவை விட்டுவிடாதீர்கள், ஐயா. ஆங்கிலப் பிராக்டரும் அதே இலத்தீன் வேரில் வந்ததுதான். "புரொகுராத்தோர்" என்ற நீண்ட சொல் ஆங்கிலேயர் வாயில் சுருங்கிப் பிராக்டர் ஆயிற்று. "கூரா" என்றால் அக்கறை, பராமரிப்பு. முன்னே "புரோ" சேர்ந்தால் "மற்றவருக்காக" என்று பொருள். "பிராக்சி" என்ற சொல்லும் அதே குடும்பம். தாய் ஒன்று, பிள்ளைகள் வேறு வேறு கப்பலில் வந்து இறங்கியிருக்கிறார்கள்.

பனங்கூடல் அக்கா கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் மாமா சொன்னதில் ஒரு வரலாற்று உண்மை இருக்கிறது, ஆனால் அதை அவர் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

ஒல்லாந்தர் சட்டத்திலேயே "அட்ஃபொகாட்", "புரொக்குரோர்" என்று இரண்டு வகை இருந்தது. நம் அப்புக்காத்து அந்த அட்ஃபொகாட்தான். ஈற்றில் இருக்கும் வல்லொலியே சாட்சி. ஆங்கிலேயர் 1801இல் அரச பட்டயத்தின்படி உச்ச நீதிமன்றத்தை நிறுவியபோது அட்வகேட், பிராக்டர் என்று இரு பிரிவையும் வைத்துக்கொண்டார்கள். உச்ச நீதிமன்றத்தில் நின்று வாதாடுவது அப்புக்காத்து. கீழ் நீதிமன்றங்களில் வாதாடுவதும், கட்சிக்காரரைச் சந்திப்பதும், மனுக்களை எழுதித் தாக்கல் செய்வதும் பிரக்கிராசி. வரிசையில் அப்புக்காத்து மேல். இதை மறுக்க முடியாது.

ஆனால் ஒரு பொன்னம்பலமோ செல்வநாயகமோ எவ்வளவு பெரிய அப்புக்காத்தாக இருந்தாலும், அவர் உங்கள் வழக்கில் எழுந்து நிற்க வேண்டுமென்றால் ஒரு பிரக்கிராசி அவருக்கு வழக்கைக் கொடுத்திருக்க வேண்டும். 1889ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைக் கோவைப்படி கட்சிக்காரர் பிராக்சி, அதாவது தன் சார்பில் வழக்கை நடத்தும் அதிகாரப் பத்திரம், எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பது பிரக்கிராசிக்குத்தான். அது நீதிமன்றக் கோப்பில் ஏறிய பிறகு வழக்கில் அவர் செய்வதெல்லாம் நீங்கள் செய்தது போல. வழக்கின் கயிறு அவர் கையில்.

இந்த இரு பிரிவையும் 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் ஒன்றாக்கியது. இப்போது எல்லாரும் சட்டத்தரணிகள். இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் அதே வேலையைச் செய்தது. ஆனாலும் இன்றும் இலங்கையில் நாங்கள் சிவில் வழக்கு நடத்தினால் பிராக்சி கொடுக்கப்பட்டவர் ஒருவர், நின்று பேசுகிறவர் இன்னொருவர் என்பது அப்படியே தொடர்கிறது. ஆட்களின் பெயர் மாறியது, கயிறு மாறவில்லை.

---

வடலி எழுதியது:

நிலவரசி தங்கச்சி எழுதியதைப் படித்ததும் சொல்லேருழவன் ஐயாவின் காகித விளக்கத்தை முழு மனதோடு ஏற்றுக்கொண்டேன். கட்சிக்காரரிடமிருந்து காகிதம் வாங்குகிறவர், ஆகவே பிரக்கிராசி. அப்புக்காத்துக்கு அந்தக் காகிதம் இல்லை, ஆகவே அவருக்கு வேறு பெயர்.

---

கும்பகோணத்தார் எழுதியது:

இதைப் படிக்கும்போது எங்கள் பக்கத்துச் சொல் ஒன்று பளிச்சென்று பட்டது. வக்கீல் என்பது அரபுச் சொல். ஒருவர் தன் காரியத்தை நம்பி ஒப்படைக்கும் ஆள். அந்த வக்கீலுக்கு நாம் எழுதிக் கொடுப்பது வக்காலத்து. "அவனுக்கு ஏன் நீ வக்காலத்து வாங்குகிறாய்?" என்று வீட்டில் தினமும் கேட்கிறோமே, அந்தப் பேச்சுக்குள் ஒரு காகிதம் மடித்துக் கிடக்கிறது. அரபும் போர்த்துக்கேயமும் ஒன்றையொன்று அறியாமல் தமிழுக்கு ஒரே எண்ணத்தைக் கொண்டுவந்து கொடுத்திருக்கின்றன.

இன்னொன்று. யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1871இல் சட்டத்தில் பட்டம் பெற்றுப் பிறகு எங்கள் கும்பகோணத்தில்தான் தொழில் செய்தார். தொல்காப்பியமும் கலித்தொகையும் அச்சேறியதில் அவர் பங்கு எல்லாருக்கும் தெரியும். அந்த யாழ்ப்பாணத்தவரை இங்கே வக்கீல் என்றார்கள். கடலைக் கடக்காமல் இருந்திருந்தால் வேறு பெயர் கிடைத்திருக்கும்.

---

கல்லடியான் எழுதியது:

நீங்கள் எல்லாரும் அந்தச் சொல்லைத் தூக்கி வைத்துப் பேசுகிறீர்கள். என் குடும்பத்தில் அது கசந்த சொல். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மட்டக்களப்பில் என் தாத்தாவுக்கு மூன்று ஏக்கர் வயல் இருந்தது. எல்லைத் தகராறு வந்தது. நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு மரத்தடியில் மேசை போட்டுப் பெட்டிசம் எழுதும் ஒருவர் இருந்தார். வெள்ளை வேட்டி, கோட்டு, கக்கத்தில் குடை. சட்டம் படித்தவரல்ல. ஆனால் ஊரார் அவரையும் பிரக்கிராசி என்றுதான் அழைத்தார்கள். "நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் அலையவேண்டாம்" என்று தாத்தாவிடம் இரண்டு போக நெல்லின் பணத்தை வாங்கினார். தவணை நாள் ஒவ்வொன்றும் தாத்தாவுக்குத் தெரியாமல் கடந்தது. எதிர்த் தரப்பு மட்டும் வந்து நின்றது. தீர்ப்பு அவர்கள் பக்கம் ஆனது. தாத்தா அதன் பிறகு தன் வயலிலேயே குத்தகைக்கு விதைத்தார். வரம்பில் உட்கார்ந்து அவர் அந்தப் பெயரைச் சொல்லும்போது காறித் துப்புவார்.

சொல்லின் வேர் நம்பிக்கையாக இருக்கலாம். எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர்ந்தபோது ஏமாற்று என்ற பொருளில்தான் வந்தது.

---

பனங்கூடல் எழுதியது:

கல்லடியான் அண்ணா, உங்கள் தாத்தாவுக்கு நடந்ததைப் படித்துக் கண் கலங்கிவிட்டேன். நீங்கள் இதை எழுதாமல் விட்டிருந்தால் இந்த இழை அரைகுறையாக இருந்திருக்கும்.

---

பழைய குமாஸ்தா எழுதியது:

முப்பத்தைந்து ஆண்டு வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கல்லடியான் தம்பி சொன்ன மரத்தடி ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். எல்லா ஊர்க் கோர்ட்டு வாசலிலும் அவர் இருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கும் கிராமத்து ஆளின் நடையைப் பார்த்தே "என்ன வழக்கு, சிவிலா கிரிமினலா?" என்று பக்கத்தில் வந்துவிடுவார்.

ஆங்கில அரசுக்கே இவர்கள் தலைவலி. இந்தியாவில் 1879ஆம் ஆண்டின் சட்டத் தொழிலர் சட்டத்தில் 36ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. கோர்ட்டுத் தரகர்களின் பெயரை நீதிபதி பட்டியலாக எழுதி அந்தக் கோர்ட்டிலேயே தொங்கவிட வேண்டும். பட்டியலில் இருப்பவரை வளாகத்துக்குள் நுழையவிடாமல் தடுக்கலாம். பெயரை எழுதித் தொங்கவிடும் அளவுக்குப் போனார்கள் என்றால் தொல்லை எவ்வளவு இருந்திருக்கும் என்று பாருங்கள்.

மரத்தடி ஆள் கெடுத்த பெயரைச் சன்னது (வக்கீல் தொழில் செய்யும் அனுமதி) பெற்றவர்கள் சுமந்தார்கள். வக்கீல் என்ற சொல்லும் இங்கே அந்த அடியைப் பட்டது. வீண்வாதம் பேசுகிற பையனை "பெரிய வக்கீல் இவர்" என்று சொல்லாத தாய் உண்டா?

---

சொல்லேருழவன் எழுதியது:

சிங்களத்திலும் அதுவே நடந்திருக்கிறது. என்னோடு வேலை செய்த கண்டித் தோழர் ஒருவர், யாராவது கேட்காத இடத்தில் இன்னொருவருக்காக நியாயம் பேசினால் "பெரகதோரு வேலை" என்று முகம் சுளிப்பார். கும்பகோணத்தார் சொன்ன "வக்காலத்து வாங்குவது" அப்படியே அங்கே நிற்கிறது.

---

நிலவரசி (சட்ட மாணவி) எழுதியது:

ஆங்கிலத்தில் "பெட்டிஃபாகர்" என்ற சொல்லை உங்கள் மாமா மனதில் வைத்திருக்கிறாரோ என்று தோன்றுகிறது, அக்கா. அற்ப வழக்குகளைப் பிடித்துப் பிழைக்கும் வக்கீல் என்று பொருள். பதினாறாம் நூற்றாண்டுச் சொல். "பெட்டி" என்றால் சிறிய. "ஃபாகர்" என்பது ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் குடும்பத்தின் பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்பது பலர் சொல்லும் விளக்கம். பேரரசர் ஐந்தாம் சார்லஸின் 1519ஆம் ஆண்டுத் தேர்தலுக்கே கடன் கொடுத்த வட்டிக் குடும்பம் அது. அவர்கள் பெயர் பக்கத்து நாடுகளில் பேராசைக்காரரைக் குறிக்கும் வசையாகிப் பிறகு ஆங்கிலத்துக்குப் போனதாம்.

வேறுபாட்டைப் பாருங்கள். பெட்டிஃபாகர் பிறந்தபோதே வசை. பிரக்கிராசி பிறந்தபோது பொறுப்பு. வசை அதன் மேல் வெளியிலிருந்து பூசப்பட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது உங்கள் பூட்டனாருக்கு அநியாயம்.

---

வடலி எழுதியது:

நொத்தாரிசையும் மறந்துவிடக்கூடாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு காணிக் கைமாற்றம் எதுவும் நொத்தாரிசு முன்னால் எழுதிச் சாட்சிகளோடு ஒப்பமிடாமல் செல்லாது. யாழ்ப்பாணத்தில் காணி இல்லாமல் சீதனம் இல்லை. சீதனம் இல்லாமல் கல்யாணம் பேசிய வீடு அரிது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுதி வைத்ததிலிருந்து சீதனச் சொத்து மகளுக்குரியது என்பது எழுத்தில் நிற்கும் சட்டம். ஆகவே ஒரு பிரக்கிராசி நொத்தாரிசுமாக இருந்தால், அந்த வட்டாரத்துப் பெண்கள் பலருடைய காலடி நிலம் அவர் பேனாவில் இருந்தது என்று பொருள்.

அக்கா, அந்த உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்ல முடியுமா? பெயர்களை விட்டுவிடுங்கள்.

---

பனங்கூடல் எழுதியது:

இரண்டு இரவு உட்கார்ந்து வாசித்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடி தேவைப்பட்டது.

இரண்டு பரப்புக் காணி. கிழக்கில் ஒழுங்கை, மேற்கில் பனங்காணி, வடக்கிலும் தெற்கிலும் அயலவர் பெயர்கள். "இதற்குள் அடங்கிய வீடும், பதினொரு பனையும், ஒரு பலா மரமும், தெற்கு எல்லைக்கு அப்பால் உள்ள கிணற்றில் நாலில் ஒரு பங்கும், அதற்குரிய வழி வாய்க்காலும்" என்று எழுதியிருக்கிறது. பலா மரம் என்பதை முதலில் எழுதாமல் விட்டு, பிறகு வரிக்கு மேலே சேர்த்திருக்கிறார். அந்தத் திருத்தத்தைக் கடைசியில் குறிப்பிட்டு அதற்குத் தனியாகக் கையொப்பமும் வைத்திருக்கிறார். ஒரு மரத்துக்காக.

சீதனம் பெறும் பெண்ணுக்குக் கையொப்பமிடத் தெரியாது போலும். இடது பெருவிரல் அடையாளம் இருக்கிறது. ரேகைகள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. அதற்குக் கீழே பூட்டனாரின் கையெழுத்தில் இந்த வரி: "மேற்படி உறுதியை என்னால் அவளுக்கு வாசித்து விளங்கப்படுத்தப்பட்ட பின்."

இந்த வரியை மட்டும் படமெடுத்து மாமாவுக்கு அனுப்பியிருக்கிறேன். வேறொன்றும் எழுதவில்லை.

---

கல்லடியான் எழுதியது:

வாசித்து விளங்கப்படுத்திய ஒரு பிரக்கிராசி என் தாத்தாவுக்குக் கிடைத்திருக்கலாம்.

---

பழைய குமாஸ்தா எழுதியது:

பனங்கூடல் அம்மா, தொழில் முறையில் ஒரு வார்த்தை. அந்த நகலை இனி மடித்து வைக்காதீர்கள். அந்தக் காலத்துக் காகிதம் மடிப்பில்தான் முதலில் விடும். விரித்து, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, தட்டையான அட்டைப் பெட்டியில் போடுங்கள். செலோ டேப் ஒட்டவே கூடாது. பத்து ஆண்டில் அது மையைத் தின்றுவிடும். பூச்சி உருண்டையையும் அதன் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

கிணற்றுப் பங்கு எழுதிய பக்கத்தைத் தனியாக ஸ்கேன் எடுத்து வையுங்கள். அந்தக் காணி இப்போது யாருடைய கையில் இருக்கிறதோ, அவர்களுக்கு ஒரு நாள் அது தேவைப்படும்.